கயித்தை யாரு புடிச்சிருக்கா?

முத்துக்குளிக்கப் போறவன் தன் கயித்தை மச்சான் கையிலதான் குடுப்பான்னு நம்ம பக்கம் ஒரு சொல்வழக்கு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. கீழே போனவன் மேல வரலைன்னா தாலி அறுக்கறது மச்சானோட கூடப்பொறந்தவ. அதனால அவன் கண்ணு கயித்தை விட்டு அந்தண்டை இந்தண்டை நகராது. மன்னார் வளைகுடாவுல ஓடின அத்தனை தோணியிலயும் நிஜமாவே மச்சான்தான் இருந்தாரான்னு யாரும் ஆதாரம் கேட்டுறாதீங்க. அந்தப் பேச்சுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு மட்டும் எனக்குப் போதும். தண்ணிக்குள்ள போறவன், தன் உசுரு போனா யாருக்கு நஷ்டமோ அவன் கையிலதான் கயித்தைக் குடுத்தான்.

இப்ப நம்மாளுங்க ஸ்கூபாவுக்குப் போறாங்க. மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்தா சென்னையும் பெங்களூரும் காலியாகி பாதி பேர் முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவு, மீதி பேர் புதுச்சேரி, காசு இருக்கறவங்க அந்தமான் ஹேவ்லாக் (2018லேர்ந்து ஸ்வராஜ் தீவு). போங்க, வேணாங்கலை. நானும் போறவன்தான். ஆனா படகுல ஏறினதும் நடக்கற கூத்து இருக்கே, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

படகுல ஒரு பையன் இருப்பான். பத்தொம்பது இருபது வயசு. அவன்தான் சிலிண்டர்ல ரெகுலேட்டரை மாட்டுவான். அவன்தான் வால்வைத் திறப்பான். அவன்தான் எடை பெல்ட்டை எடுத்து இடுப்புல கட்டுவான். நம்ம அண்ணாச்சி சினிமா ஹீரோ மேக்கப் ரூம்ல நிக்கற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிப்பாரு, பையன் பின்னாலேர்ந்து ஜாக்கெட்டை மாட்டி விடுவான். மாஸ்க்குக்கு ஷாம்பு போட்டுக் கழுவிக் குடுக்கறதும் அவன்தான். அண்ணாச்சியோட பங்களிப்பு ஒண்ணே ஒண்ணு, தலைமேல கோப்ரோ ஆன் ஆயிடுச்சான்னு பார்க்கறது. கேட்டா பர்ஸுலேர்ந்து கார்டை எடுத்து நீட்டுவாரு. 'அட்வான்ஸ்டு' டைவராம்.

முதல் தடவை போற டூரிஸ்ட்டை நான் குறை சொல்லலை. 'நீச்சல் தெரியாட்டியும் வரலாம்'னு போர்டு வச்சுக் கூப்பிடற அந்த அறிமுக டைவ்ல அவர் பயணி. பயணியாதான் இருக்கணும். 12 மீட்டருக்குக் கீழே கூட்டிட்டுப் போகக் கூடாது, பயிற்றுநர் கைக்கெட்டற தூரத்துல இருக்கணும், அதுதான் ஏற்பாடு. (அங்கேயும் மருத்துவக் கேள்வித்தாளை 'எல்லாத்துக்கும் நோ போட்டு சைன் பண்ணுங்க சார்'னு நீட்டற கடைகள் இருக்கு. ஆஸ்துமாக்காரனும் அதே நோ, போன வருஷம் ஸ்டென்ட் வச்சவரும் அதே நோ. அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.) என் சண்டை கார்டு வச்சிருக்கறவங்களோட. முப்பதாயிரம் கிட்ட செலவழிச்சு, நாலு நாள் படிச்சு, பரீட்சை எழுதி, 18 மீட்டர் வரைக்கும் பயிற்றுநர் இல்லாம ஒரு கூட்டாளியோட போகத் தகுதி இருக்குன்னு சர்டிஃபிகேட் வாங்கினவங்களோட.

அந்தக் கோர்ஸ்ல நாமளேதான் மாட்டினோம், நாமளேதான் கழட்டினோம். கையெல்லாம் கன்னிப்போற வரைக்கும் பயிற்றுநர் விடலை. தண்ணிக்குள்ள குதிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் கருவியை இன்னொருத்தர் சரிபார்க்கச் சொல்லிக் குடுத்தாங்க. ஜாக்கெட்ல காத்து ஏறுதா இறங்குதா, எடை எங்க இருக்கு, அதை எப்படிக் கழட்டணும், வாரெல்லாம் எந்தப் பக்கம் திறக்குது, காத்து வருதா, இவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை. கார்டு கைக்கு வந்த மறுநாளே அது போயிடுது. ஏன் போகுதுன்னா, அதைப் பண்ணாம இருக்கறதை 'சேவை'ன்னு நமக்கு விக்கறாங்க. பக்கத்துல நாலு பேரு ராஜா மாதிரி உக்காந்திருக்கும்போது நாம மட்டும் குனிஞ்சு ஓ-ரிங் பார்த்தா கத்துக்குட்டின்னு நினைப்பாங்களேன்னு ஒரு கூச்சம் வேற.

வால்வு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி. சிலிண்டர் வால்வை முழுசா திறந்துட்டு, அப்புறம் கால் சுத்து திருப்பி மூடணும்னு ஒரு பழைய பழக்கம். கடைசி வரை திறந்தே வச்சா இறுகிப் போயிடும்னு அந்தக் காலத்து வால்வுக்குச் சொன்னது. இப்ப 'முழுசா திறந்து அப்படியே விடு'ன்னுதான் நிறைய இடத்துல சொல்லிக் குடுக்கறாங்க. ஆனா பழக்கம் போகலை. பிரச்சினை என்னன்னா, அவசரத்துல பையன் திசையை மாத்திட்டான்னு வைங்க. திறக்கறதா நினைச்சு முழுசா மூடிட்டு, கால் சுத்து 'மூடறதா' நினைச்சுத் திறந்துடுவான். இல்லைன்னா நீங்க ஏற்கெனவே திறந்து வச்சதை, குதிக்கப் போற கடைசி நொடியில அவன் பின்னாலேர்ந்து 'செக்' பண்றேன்னு எதிர்ப் பக்கம் திருப்பிடுவான். ரெண்டுலயும் கடைசியில வால்வு லேசா மட்டும் திறந்திருக்கும்.

படகுல ஒரு வித்தியாசமும் தெரியாது. கேஜ் 200 பார் காட்டும். ஒரு இழு இழுத்தா காத்து வரும். ஆனா கீழே போகப் போக காத்தோட அடர்த்தி கூடுது. 20 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்கறதைப் போல மூணு மடங்கு, அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டர்லேர்ந்து மூணு மடங்கு காத்து வெளிய வரணும். அந்தச் சின்ன இடுக்கு வழியா அவ்வளவு வராது. மூச்சு இழுக்கறப்ப கேஜ் முள்ளு தடால்னு விழும், விட்டா மறுபடி ஏறும். சிலிண்டர் நிறைய காத்து இருக்கும், உங்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

இதை நான் நேர்ல பார்த்தேன். இடம் அந்தமான், கடை பேர் வேண்டாம். கூட வந்தவர் என் டீம்லயே வேலை பார்க்கறவர், நாப்பது டைவ் முடிச்சவர். 14 மீட்டர் கிட்ட என் பக்கம் திரும்பி கேஜைத் தூக்கிக் காட்டறார். மாஸ்க்குக்குள்ள கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி இருக்கு. முள்ளு 170, அப்புறம் 60, மறுபடி 170. ரெண்டு கையெட்டற தூரத்துலதான் இருந்தேன். என் ஆக்டோபஸை அவர் வாயில குடுத்துட்டு, பின்னாடி கைவிட்டு வால்வை முழுசா திறந்தேன். முள்ளு நின்னுடுச்சு. மொத்தமா அரை நிமிஷம் ஆகியிருக்கும். டைவ் மாஸ்டர் எங்களுக்கு முன்னாடி பத்து மீட்டர்ல ஒரு தம்பதிக்கு ஆமையைக் காட்டிக்கிட்டிருந்தார். அவருக்கு முதுகுல கண்ணு கிடையாது.

மேல வந்ததும் படகுல அதைப் பத்தி வாயைத் திறந்தேன். டைவ் மாஸ்டர், 'அதான் ஒண்ணும் ஆகலையே ப்ரோ'. சக பயணிகள் ரெண்டு பேர் சிரிச்சாங்க. நம்ம நண்பர் இறங்கும்போது அந்தப் பையனுக்கு ஐநூறு ரூபா டிப்ஸ் குடுத்தார். என்ன கொடுமை சார் இது! அடுத்த டைவுக்கும் அதே மாதிரி கையை விரிச்சுக்கிட்டு நின்னார். அதான் எனக்குத் தாங்கலை. இவருதான் ஆபீஸ்ல ரெண்டு வரி கோடு மாத்தினாக்கூட இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்குப் போகக் கூடாதுன்னு மெயில் மேல மெயில் போடறவர். (வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படிப் போகுதுங்கறது வேற விஷயம்.)

பையன் மேல எனக்குக் கோபம் கிடையாது. விடியக்காலை ஆரம்பிச்சா சாயங்காலம் வரை தூக்கறதும் மாட்டறதும் கழட்டறதுமா இருக்கறவன். பத்து பேருக்கு அவசரமா மாட்டறான், ஒண்ணுல கை மாறத்தான் செய்யும். மனுஷன்னா அப்படித்தான். அதுக்காகத்தானே ரெண்டாவது ஆள் பார்க்கணும்னு வச்சாங்க? அந்த ரெண்டாவது ஆள் நீங்க.

குதிக்கறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை வாயில வச்சு, கேஜைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு நல்லா இழுத்து விடுங்க. முள்ளு ஆடினா வால்வு சரியில்லை. ஆடலைன்னா நிம்மதி. கையை எட்டி வால்வு முழுசா திறந்திருக்கான்னும் பார்த்துக்கங்க, அதுக்கப்புறம் யாரையும் அதைத் தொட விடாதீங்க. இதுக்கு கார்டு கூட வேண்டாம், கண்ணு இருந்தா போதும்.

'அதெல்லாம் லட்சத்துல ஒண்ணு'ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் 2008ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. பொழுதுபோக்கு டைவிங்ல நடந்த 947 சாவுகளை எடுத்து, எங்க ஆரம்பிச்சது, எப்படி முடிஞ்சதுன்னு படிப்படியா பிரிச்சாங்க. ஆரம்பம் எதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்ச கேஸ்கள்ல 41 சதவீதம் காத்துப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு வெறும் 15 சதவீதம். சுறா, ஜெல்லி மீன் பத்தியெல்லாம்தான் நாம வீட்ல கேள்வி கேக்கறோம். ஆளைக் கொல்றது கேஜைப் பார்க்காததுதான்.

இன்ஜினியருங்களுக்குக் கணக்கு சொன்னாதான் ஏறும், அதனால சொல்றேன். நம்ம ஊர்ல வாடகைக்குக் கிடைக்கற அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் சொச்சம், 200 பார் அடிச்சா சுமார் 2200 லிட்டர் காத்து. புது டைவர் மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பாருன்னு வைங்க. 18 மீட்டர்ல அழுத்தம் 2.8 மடங்கு, அதனால 56 லிட்டர். 50 பார் மிச்சம் வச்சா கீழே அரை மணி நேரம் வரும். சரி, அந்த 50 பார்ல என்ன இருக்கு? 555 லிட்டர். இப்ப கூட வந்தவருக்குக் காத்து தீர்ந்து போச்சு, உங்க கிட்ட ஓடி வர்றார். ரெண்டு பேரும் பயந்து ஆளுக்கு 40 லிட்டர் இழுக்கறீங்க. 18 மீட்டர்ல அது நிமிஷத்துக்கு 224. ஒருத்தரை ஒருத்தர் புடிச்சு, நிதானத்துக்கு வந்து கிளம்பவே ஒரு நிமிஷம் போயிடும். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல ஏற ரெண்டு நிமிஷம், அதுக்குச் சுமார் 300 லிட்டர். கூட்டிப் பாருங்க. மேல தலை தெரியறப்ப சிலிண்டர்ல முப்பது லிட்டர் கூட இருக்காது. 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கற பாதுகாப்பு நிறுத்தம் எல்லாம் கனவு.

அந்த 50 பார் உங்களுக்கான போனஸ் இல்லை, கூட்டாளியோட உசுரு. அதை '20 பார் வரைக்கும் உறிஞ்சினேன் மச்சி, ஒண்ணே கால் மணி நேரம்!'னு பெருமையா சொல்லிக்கறவங்களோட நான் டைவ் போறதில்லை. யார் கோவிச்சுக்கிட்டாலும் சரி.

கூட்டாளின்னா ஞாபகம் வருது. இதுக்கு 'பட்டி'ன்னு சொல்றாங்க (மலையாள நண்பர்கள் மன்னிக்க). கார்டு வச்சிருக்கற ஆறு பேர் ஒரு டைவ் மாஸ்டர் பின்னாடி வாத்துக் கூட்டம் மாதிரி போறதுக்குப் பேர் பட்டி முறை இல்லை. யாருக்கு யார் கூட்டாளின்னு படகுல யாராவது சொன்னாங்களா? முள்ளு எங்க வந்தா திரும்பணும், பிரிஞ்சு போனா எத்தனை நேரம் தேடணும் (ஒரு நிமிஷம், அப்புறம் மேல போகணும்), இதெல்லாம் ரெண்டு பேர் உக்காந்து பேசினீங்களா? பேசலைன்னா நீங்க தனியாத்தான் டைவ் பண்றீங்க, கூட்டமா இருக்கறதால தெரியலை, அவ்வளவுதான்.

எடையும் இதே கதை. டூரிஸ்ட்டு மிதந்து மேல போயிடக் கூடாதுன்னு ரெண்டு கல்லு சேர்த்தே கட்டறது கடைகளோட பழக்கம். நீங்களும் அதையே கட்டிக்கிட்டு குதிக்கறீங்க. அதிக எடை, அதைச் சமாளிக்க ஜாக்கெட்ல அதிக காத்து, அந்தக் காத்து மேல வரும்போது விரிஞ்சு உங்களை ராக்கெட் மாதிரி தூக்குது, இல்லைன்னா கீழே மணல்ல உழுதுக்கிட்டே போறீங்க. உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு கண்டுபிடிக்கற சோதனை கோர்ஸ்லயே இருந்துச்சே? ஜாக்கெட் காத்தை முழுசா இறக்கிட்டு, சாதாரண மூச்சு ஒண்ணைப் பிடிச்சு நின்னா தண்ணி கண்ணு மட்டத்துல இருக்கணும். சிலிண்டர் காலியாக ஆக லேசாகும்கறதால அதுக்கு மேல ரெண்டு கிலோ. எத்தனை பேருக்குத் தன்னோட எடை தெரியும்? எடை எவ்வளவுன்னு பையன் கேக்கும்போது 'நீயே பார்த்துப் போடுப்பா'ங்கறீங்க. அவன் உங்க தொப்பையைப் பார்த்துப் போடறான்.

அந்த எடையை அவசரத்துல எப்படிக் கழட்டறதுன்னாவது தெரிஞ்சிருக்கணும். 2020 நவம்பர் 1ம் தேதி, அமெரிக்காவுல மொன்டானா மாநிலம், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கற மெக்டொனால்ட் ஏரி. 18 வயசுப் பொண்ணு ஒருத்தி, பயிற்சி டைவ். குளிர்ந்த தண்ணி, அதனால உள்ளே தண்ணி புகாத டிரை சூட். அந்த சூட்டுக்குள்ள காத்து விடற குழாய் இணைக்கப்படலை. கீழே போகப் போக தண்ணி அழுத்தம் சூட்டை உடம்போட சேர்த்துப் பிழிய ஆரம்பிக்கும், உள்ளே காத்து விட்டாதான் தளரும், அதோட மிதப்பும் கிடைக்கும். அது ரெண்டும் இல்லை. கூடவே சுமார் 20 கிலோ எடை, அதுவும் சட்டுனு கழட்டிப் போட முடியாத மாதிரி ஜிப் போட்ட பைகளுக்குள்ள. அந்தப் பொண்ணு திரும்ப வரலை. அத்தனை பேர் இருந்தாங்க, பயிற்றுநரும் இருந்தார். தண்ணிக்கு வெளிய, கரையில நின்னு, ஒருத்தர் அந்தக் குழாயைத் தேடியிருந்தா அந்த டைவே நடந்திருக்காது. கத்துக்க வந்த பொண்ணு அவ, அவளை யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கார்டை வாங்கிப் பர்ஸுல வச்சுக்கிட்டு நாம அவளை விடக் கம்மியா தெரிஞ்சிருக்கறதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?

கார்டுன்னு சொன்னேன் பாருங்க, அந்த 'அட்வான்ஸ்டு'. பாடி கணக்குப்படி முதல் கோர்ஸ்ல கடல் டைவ் நாலு. அட்வான்ஸ்டு கோர்ஸ்ல இன்னும் அஞ்சு. கூட்டினா ஒம்பது. ஒம்பது டைவ்ல முன்னேறிய டைவர், 30 மீட்டர் வரைக்கும் போகலாம். வண்டி ஒம்பது தடவை ஓட்டினவனை நாம என்னன்னு சொல்லுவோம்? 'எல்' போர்டுன்னு சொல்லுவோம். பேரு வச்சவன் வியாபாரி, அவன் வேலையைப் பார்த்தான். அதை நம்பி நெஞ்சை நிமிர்த்தறது நம்ம தப்பு.

இன்னொரு ஆறுதல் வார்த்தை, 'படகுல ஆளு எண்ணிக்கை பார்ப்பாங்க'. 1998 ஜனவரி 25, ஆஸ்திரேலியாவுல கிரேட் பேரியர் ரீஃப். ஒரு அமெரிக்கத் தம்பதியைத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டுப் படகு கிளம்பி வந்துடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவங்க பை படகுலயே கிடக்கறதைப் பார்த்துத்தான் விஷயமே தெரிஞ்சுது. ரெண்டு பேரும் கிடைக்கவே இல்லை. அதுக்கப்புறம் குயின்ஸ்லாந்துல தலை எண்ற விதியைக் கடுமையாக்கினாங்க. விதி இருக்கற ஊர்ல நடந்தது இது. நம்ம ஊர்ல சாயங்கால வெளிச்சத்துல, அலைக்கு நடுவுல, கறுப்பு சூட் போட்ட ஒரு தலை எவ்வளவு பெருசா தெரியும்னு நினைக்கறீங்க? ஒரு தேங்காய் அளவு. அதுக்குத்தான் ஆரஞ்சுக் கலர்ல ஊதி நிறுத்தற ஒரு மிதவைக் குழாய் இருக்கு, கூட ஒரு விசில். சில ஆயிரம் ரூபாய்தான். எத்தனை பேர் சொந்தமா வச்சிருக்கீங்க? கோப்ரோ வச்சிருக்கறவங்க கையைத் தூக்க வேணாம், தெரியும்.

'முதுகு வலி, தூக்க முடியாது'ங்கறவங்களுக்கு: தூக்கச் சொல்லலை. காத்தோட சிலிண்டர் மட்டுமே சுமார் 17 கிலோ, படகு ஆடறப்ப உதவி வாங்கறதுல ஒரு அவமானமும் இல்லை. அவன் தூக்கட்டும், அவனே மாட்டட்டும். சரிபார்க்கறது மட்டும் உங்க வேலை. 'காசு குடுத்திருக்கோமே'ங்கறவங்களுக்கு: டாக்ஸிக்கும் காசுதான் குடுக்கறோம், டிரைவர் தூங்கினா நாம முழிச்சுக்கறதில்லையா? 'டைவ் கம்ப்யூட்டர் இருக்கு'ங்கறவங்களுக்கு: சிலிண்டரோட பேசற டிரான்ஸ்மிட்டர் இல்லாத கம்ப்யூட்டருக்கு ஆழம் தெரியும், நேரம் தெரியும், காத்து எவ்வளவு இருக்குன்னு ஒரு எழவும் தெரியாது. 'சரிபார்த்தா அந்தப் பையன் கோவிச்சுப்பானே'ங்கறது ஒண்ணுதான் கொஞ்சம் மனுஷத்தனமான கேள்வி. அதுக்கும் பதில் இருக்கு. போன தடவை புதுச்சேரியில நான் கேஜைப் பார்த்துக்கிட்டே மூச்சு இழுக்கறப்ப, பக்கத்துல நின்ன தம்பி ஒருத்தன் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். 'தப்பா எடுத்துக்காதப்பா, உன்னை நம்பாம இல்லை'ன்னேன். 'எடுத்துக்கல்லாம் மாட்டேண்ணா. நீங்க பாத்தீங்கன்னா எனக்கும் நிம்மதிதான். யாரும் பாக்க மாட்டேங்கறாங்க'ன்னான்.

பி.கு: எந்த பிராண்ட் ஃபின்ஸ் வாங்கலாம்னு கேட்டு மெயில் போட்ட மூணு பேருக்கும் ஒரே பதில். ஃபின்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். முதல்ல உங்க முகத்துக்குச் சரியா உக்கார்ற மாஸ்க், அப்புறம் அந்த ஆரஞ்சு மிதவை. அதை வாங்கினதும் நீச்சல் குளத்துல ரெண்டு தடவையாவது ஊதி நிறுத்திப் பழகுங்க, கவர் பிரிக்காம பையில போட்டு எடுத்துட்டு வராதீங்க :-)